டம்மருக்கு நடந்துபோன பெண்கள்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், டொரோண்டோவிலிருந்து வடகிழக்கே சுமார் 150 கிலோமீட்டர் தொலைவில் டூரோ-டம்மர் என்றொரு உள்ளாட்சிப் பகுதி இருக்கிறது. பீட்டர்பரோ நகரத்தை ஒட்டிய கிராமப்புறம். ஏழாயிரத்துச் சொச்சம் மக்கள். நானூறு சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான நிலம். பண்ணைகள், காடு, ஏரிக்கரைக் கோடைவீடுகள், டூரோ, வார்சா போன்ற சிற்றூர்கள். வார்சாவுக்கு அருகே சுண்ணாம்புப் பாறைக் குகைகள் உள்ளன. அங்கே இந்தியன் ஆறு சிறிது தூரம் தரைக்கடியில் மறைந்து ஓடி மறுபடி வெளியே வருகிறது. சுற்றுலாக் கையேடுகள் அந்தப் பகுதியைப் பற்றிச் சொல்வது பெரும்பாலும் இவ்வளவுதான்.

பெயர்களைப் பாருங்கள். டூரோ என்பது போர்ச்சுகலில் ஓடும் ஓர் ஆறு. 1809இல் அந்த ஆற்றைக் கடந்துதான் வெல்லிங்டன் பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்தார். அந்த வெற்றியின் நினைவாக இந்தப் பெயர். டம்மர், மேல் கனடாவின் தலைமை நீதிபதியாக இருந்த வில்லியம் டம்மர் பவலின் நடுப்பெயர். ஒரு படைத்தலைவர், ஒரு நீதிபதி. 1998 ஜனவரி 1 அன்று இரண்டு டவுன்ஷிப்புகளையும் ஒன்றாக்கியபோது நடுவில் ஒரு சிறுகோட்டைப் போட்டு இரண்டு பெயர்களையும் வைத்துக்கொண்டார்கள். அது மாகாண அரசு உள்ளாட்சிகளின் எண்ணிக்கையை 815இலிருந்து ஏறத்தாழப் பாதியாகக் குறைத்த காலம். ஒன்டாரியோ முழுக்க இப்படிச் சிறுகோட்டால் தைக்கப்பட்ட ஊர்கள் உண்டு.

நான் அந்தச் சிறுகோட்டின்மேல் நடந்த மூன்று பெண்களைத் தேடித்தான் இந்த ஊரின் வரலாற்றுக்குள் போனேன். கல்லூரியில் பெண்களின் தன்வரலாறுகளைப் பாடமாக நடத்தும்போது, மேரி பிரின்ஸின் நூலைத் தவிர்க்க முடியாது. பெர்முடாவில் அடிமையாகப் பிறந்த அவருடைய வாழ்க்கை வரலாறு 1831இல் லண்டனில் வெளியானது. பிரிட்டனில் ஒரு கறுப்பினப் பெண்ணின் வாழ்க்கைக் கதை நூலாக வந்தது அதுவே முதல் முறை. மேரி சொல்லச் சொல்ல எழுதிய இளம்பெண்ணின் பெயர் சுசன்னா ஸ்டிரிக்லண்ட். அதே ஆண்டு மணமாகி சுசன்னா மூடி ஆனார். 1832இல் கப்பலேறி, 1834இன் தொடக்கத்தில் டூரோவின் காட்டுக்குள் வந்து சேர்ந்தார். அவர் அங்கே என்ன பார்த்தார், யாருடைய சொற்களை எழுதினார் என்பதே என் கேள்வி.

அவர் வருவதற்கு முன் நடந்ததைச் சொல்லாமல் அங்கே போக முடியாது. அது மிசிசாகா அனிஷினாபே மக்களின் நிலம். பீட்டர்பரோ இருக்கும் இடத்துக்கு அவர்கள் வைத்த பெயர் நொகோஜிவனாங். ஆற்றின் துள்ளுநீர் முடியும் இடம் என்று பொருள். 1818 நவம்பரில் ஆறு தலைவர்கள் ஓர் ஒப்பந்தத்தில் குறியிட்டார்கள். ஏறக்குறைய 19,51,000 ஏக்கர் நிலம். அதற்கு ஈடாக ஆண்டுக்கு 740 பவுண்டு மதிப்புள்ள பொருட்கள். பணமாக அல்ல, பொருட்களாக. அதுவும் மான்ட்ரியல் விலைக்கணக்கில். ஒரு பவுண்டுக்கு ஆண்டுக்கு இத்தனை ஆயிரம் ஏக்கர் என்று வகுத்துப் பார்க்க என் மாணவிகளிடம் சொல்வேன். வகுத்த பிறகு வகுப்பு கொஞ்ச நேரம் பேசாது.

அதன் பிறகு நில அளவையர்கள் வந்தார்கள். காட்டின்மேல் அளவுநூல் பிடித்துக் கோடு போட்டு, வரிசைகளாகவும் மனைகளாகவும் வெட்டினார்கள். டவுன்ஷிப் என்பது முதலில் ஓர் ஊர் அல்ல, ஒரு கட்டம். ஆறு எங்கே ஓடுகிறது, பாறை எங்கே கிடக்கிறது என்பதெல்லாம் கோட்டுக்குத் தெரியாது. டூரோவில் இன்றும் சாலைகளுக்கு இரண்டாம் கோடு, நான்காம் கோடு என்றே பெயர். டம்மரின் பாதிக்குமேல் பனியாறு விட்டுப்போன கல்மேடு. நிலவியலாளர்களே அந்த வகைக் கரட்டு நிலத்துக்கு டம்மர் மேடு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். குளிர்காலத்தில் உறைந்த மண், வசந்தத்தில் இளகும்போது அடியிலிருக்கும் கற்களை மேலே தள்ளும். சென்ற ஆண்டு பொறுக்கிய வயலில் இந்த ஆண்டும் பொறுக்க வேண்டும். ஒவ்வொரு வசந்தத்திலும் பெண்களும் குழந்தைகளும் அந்தக் கற்களைக் குனிந்து எடுத்தார்கள். அங்கே இன்றும் நிற்கும் அழகான கல்வீடுகளைப் படம் எடுப்பவர்கள் கொத்தனாரின் திறமையைப் பாராட்டுவார்கள்.

1825இல் பீட்டர் ராபின்சன் என்ற அதிகாரி தெற்கு அயர்லாந்திலிருந்து 2,024 ஏழைக் கத்தோலிக்கரை ஒன்பது கப்பல்களில் அழைத்து வந்தார். பெரும்பாலோர் கார்க் வட்டாரத்தினர். டூரோவுக்கு அப்படித்தான் ஐரிஷ் குடும்பங்கள் வந்தன. அரசு கொஞ்ச காலத்துக்கு மாவும் உப்புப் பன்றிக்கறியும் கொடுத்தது. நிலம் 18 முதல் 45 வயதுக்குட்பட்ட ஆண்களுக்கு. பெண்ணுக்கு அந்தத் திட்டத்தில் படி உண்டு, பட்டா இல்லை. குளிர்காய்ச்சலில் அந்த முதல் ஆண்டு பலர் இறந்தார்கள். நகரத்துக்கு ராபின்சனின் பெயர் வைக்கப்பட்டது. டம்மருக்கு 1831 வாக்கில் இங்கிலாந்தின் வில்ட்ஷயர் போன்ற பகுதிகளிலிருந்து, ஊர்ப் பொதுப்பணத்தில் கப்பலேற்றப்பட்ட ஏழைகள் வந்தார்கள். ஊருக்குச் சுமை என்று அனுப்பப்பட்டவர்கள். அவர்களுக்குக் கிடைத்தது கல்.

இந்த ஏழைகளுக்கு நடுவே வசதியான குடும்பத்திலிருந்து நொடிந்துவந்த சிலரும் இருந்தார்கள். எழுதத் தெரிந்தவர்கள் அவர்கள்தான் என்பதால் நமக்குக் கிடைக்கும் டூரோ பெரும்பாலும் அவர்களுடையது. டப்ளினில் பிறந்த பிரான்சிஸ் ஸ்டூவர்ட் தொழிலில் தோற்ற கணவரோடு 1823இல் டூரோவின் காட்டுக்குள் வந்தார். பதினொரு பிள்ளைகள் பெற்றார். ஊருக்கு எழுதிய கடிதங்களை அவர் இறந்த பிறகு மகள் தொகுத்து 1889இல் வெளியிட்டார். அந்தக் கடிதங்களைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அவருடைய அலமாரியிலிருந்த ஒரு புத்தகம். வட அமெரிக்கத் தாவரங்களைப் பற்றி பிரடெரிக் பர்ஷ் லத்தீனில் எழுதியது. புதிதாக வந்த ஓர் இளம்பெண்ணுக்கு அதைப் படிக்கக் கொடுத்தார். அந்தப் பெண் சுசன்னாவின் அக்கா கேத்தரின் பார் டிரெய்ல்.

கேத்தரினைப் பற்றி நிறையச் சொல்லலாம். 1832இல் கனடாவில் காலடி வைத்ததும் மான்ட்ரியலில் காலரா வந்து பிழைத்தவர். டூரோவில், ஏரிக்கரையில், தம்பி சாமுவேலின் நிலத்துக்குப் பக்கத்தில் குடியேறினார். அம்மாவுக்கும் உறவினருக்கும் எழுதிய கடிதங்கள் 1836இல் லண்டனில் ‘கனடாவின் பின்காடுகள்’ என்ற பொருளிலான தலைப்பில் நூலாயின. அட்டையில் அவர் பெயர் இல்லை. குடியேறிய ஓர் அதிகாரியின் மனைவி என்று மட்டும் இருந்தது. கணவர் மனச்சோர்வுக்காரர்; பண்ணை தேறவில்லை. ஒன்பது பிள்ளைகளில் இருவரைக் கைக்குழந்தையிலேயே பறிகொடுத்தார். 1854இல் குடியேறும் பெண்களுக்காக ஒரு கையேடு எழுதினார். ரொட்டிக்கு நுரைமா வளர்ப்பது, மேப்பிள் சாற்றைக் காய்ச்சிச் சர்க்கரை எடுப்பது, சோப்பு, மெழுகுவத்தி, காட்டுத்தீ வந்தால் என்ன செய்வது என்று எல்லாம் அதில் உண்டு. நம்மூரில் சமையல் குறிப்பு என்று ஒதுக்கிவைக்கும் வகை. ஒரு டவுன்ஷிப்பின் பொருளாதாரம் உண்மையில் எந்தக் கைகளால் நடந்தது என்று அறிய அதைவிட நல்ல ஆவணம் எனக்குக் கிடைக்கவில்லை.

பூக்களைப் பற்றிய நூல் இன்னும் சுவையானது. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் தோழி பூக்களை அடுக்கிக்கொண்டே போகும் இடத்தை நடத்தி வாய் பழகிய எனக்கு, பட்டியலிடும் பெண்கள்மீது ஒரு பிரியம். கேத்தரின் சுற்றியிருந்த செடிகளைப் பெயர் சொல்லி, தொட்டு, முகர்ந்து, கிடைத்த அந்த லத்தீன் நூலோடு ஒப்பிட்டு எழுதி வைத்தார். பதிப்பிக்க யாரும் முன்வரவில்லை. சுசன்னாவின் மகள் ஆக்னஸ் ஃபிட்ஸ்கிப்பன், சிறு பெண்பிள்ளைகளோடு விதவையானவர், கல் அச்சுக்கலையைத் தானே கற்று, பத்து ஓவியங்களைத் தானே வரைந்தார். வாங்குவோரை முன்கூட்டியே தேடிப்பிடித்துப் பணம் சேர்த்தார். 500 பிரதிகள், பிரதிக்குப் பத்துப் படங்கள். ஐந்தாயிரம் தாள்களுக்கும் கையால் வண்ணம் தீட்டப்பட்டது. 1868இல் நூல் வந்தது. கேத்தரினுக்கு அப்போது வயது 66. தாவரங்களைப் பற்றிய அடுத்த பெரிய நூலை 83 வயதிலும், இன்னொன்றை 92 வயதிலும் வெளியிட்டார்.

சுசன்னா வேறு மாதிரி. அக்காவின் பொறுமை அவருக்கு இல்லை. 1852இல் வந்த அவருடைய ‘புதர்க்காட்டில் பட்ட பாடு’ கசப்பும் கேலியும் நிறைந்த புத்தகம். ஏழை ஐரிஷ்காரர்களைப் பற்றிய அவருடைய வாக்கியங்கள் சிலவற்றை இன்று வாசிக்கவே கூசும். ஆனால் அந்த நூலின் மிகச் சிறந்த மனுஷி ஓர் ஏழை ஐரிஷ்காரிதான்: வேலைக்காரி ஜென்னி.

1837இல் மேல் கனடாவில் கலகம் வெடித்ததும் சுசன்னாவின் கணவர் படைக்குப் போனார். அந்தச் சம்பளம்தான் கடனை அடைத்தது. காட்டில் சுசன்னாவும் குழந்தைகளும் ஜென்னியும் மட்டும். வயலில் இறங்கியதும், மேப்பிள் சர்க்கரை காய்ச்சியதும், டாண்டிலியன் வேரை வறுத்துக் காப்பி போட்டதும் அந்த நாட்களில்தான். 1839 குளிர்காலத்தில் பால்கட்டி மார்பில் சீழ்பிடித்து சுசன்னா சாகக் கிடந்ததைக் கணவருக்கு எழுதிய கடிதங்களில் பார்க்கிறோம். இரவில் மெழுகுவத்தி வாங்கக் காசில்லாமல் எழுதினார். மரத்தில் முளைக்கும் தட்டுக்காளான்மேல் பறவைகளும் பட்டாம்பூச்சிகளும் வரைந்து விற்றார். கணவருக்குத் தெரியாமல் ஆளுநருக்கு ஒரு மனு அனுப்பினார். கணவர் பெல்வில் நகரத்தில் ஷெரீஃப் ஆனார். அப்போதைய பதிவேடுகளில் ஷெரீஃபின் நியமனம் இருக்கும். மனு எழுதிய கை இருக்காது.

ஜென்னி அதற்கு முன் டம்மரில் ஒரு ஓய்வுபெற்ற படைத்தலைவர் வீட்டில் வேலை பார்த்தவர். நூலில் அவர் பெயர் ஓர் எழுத்தும் ஒரு கோடும் மட்டும். குடிகாரர். ஜென்னிக்குப் பல ஆண்டுச் சம்பளம் பாக்கி. அடிப்பார், உதைப்பார். கடைசியில் ஜென்னியை வீட்டைவிட்டுத் துரத்தினார். பிறகு மனைவியையும் பிள்ளைகளையும் காட்டில் விட்டுவிட்டுத் தானும் எங்கோ போய்விட்டார். டூரோவில் வேறு வீட்டில் வேலை கிடைத்த பிறகும் ஜென்னிக்குப் பழைய எஜமானியின் நினைப்புதான். அங்கே அம்மாவும் பிள்ளைகளும் பட்டினி என்று சுசன்னாவிடம் சொல்லிச் சொல்லி அழுதார். இப்படித்தான் ‘டம்மருக்கு நடை’ என்ற அத்தியாயம் பிறந்தது.

உறைபனிக் காலம். சுசன்னா, எமிலியா என்ற தோழி, ஜென்னி. எமிலியாவின் கணவரும் அப்போது ஊரில் இல்லை. அக்கம்பக்கத்துப் பெண்களிடமிருந்து ரொட்டி, இறைச்சி, தேயிலை, சர்க்கரை என்று சேர்த்தார்கள். மூட்டையைச் சுமந்தவர் ஜென்னி. வழி காட்டியவரும் ஜென்னி. பனியிலும் சதுப்பிலும் விழுந்து எழுந்து காட்டைத் தாண்டி அந்த மரவீட்டுக்குப் போனால், உள்ளே உருளைக்கிழங்கைத் தவிர உணவில்லை. போதிய உடுப்பில்லாமல் பிள்ளைகள் படுக்கைக்குள் சுருண்டிருந்தார்கள். ஜென்னியைக் கண்டதும் குழந்தைகள் ஓடிவந்து தொங்கியதை சுசன்னா எழுதுகிறார். அந்தப் பெண்ணின் தன்மானம் புண்படாமல் உணவை எப்படிக் கொடுப்பது என்று சீமாட்டிகள் இருவரும் தவித்ததையும் எழுதுகிறார். பசித்த வீட்டில் இந்தத் தவிப்பு எனக்கு எரிச்சல் தந்தது, உண்மைதான். ஆனாலும் வர்க்கம் என்பது எவ்வளவு நுணுக்கமாக வேலை செய்கிறது என்பதை அவர் மறைக்கவில்லை.

அந்தப் பெண்ணுக்கு வேறு வழி இருந்ததா? 1830களின் சட்டத்தில் மணமான பெண்ணுக்குத் தனிச்சொத்து இல்லை. நிலம் ஓடிப்போன கணவருடையது. அவரால் அதை விற்கவோ அடகு வைக்கவோ முடியாது. கணவர் இறந்தால் மூன்றில் ஒரு பங்கை ஆயுள்வரை அனுபவிக்கலாம். உயிரோடு ஓடிப்போனால் அதுவும் இல்லை. ஜென்னியின் சம்பளப் பாக்கியும் அதே ஆளிடம்தான் நின்றது. எஜமானியையும் வேலைக்காரியையும் ஒரே மனிதர் ஒரே சட்டத்தின் நிழலில் நின்று ஏமாற்றியிருக்கிறார். அந்த இருவருக்கும் நடுவே இருந்தது என்ன என்று யோசிக்கிறேன். அன்பு என்று சொல்லி முடித்துவிட மனம் ஒப்பவில்லை. அன்பும்தான், கூலியில்லாத உழைப்பும்தான்.

ஒன்டாரியோவில் மணமான பெண் தன் சொத்தைத் தானே முழுமையாக வைத்துக்கொள்ள 1884 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பண்ணையில் உழைத்தால் பண்ணையில் பங்கு உண்டா என்ற கேள்வி அதற்குப் பிறகும் தீரவில்லை. 1973இல் ஆல்பர்ட்டா மாகாணத்து ஐரீன் மர்டாக் வழக்கை நினைத்துக்கொள்ளுங்கள். புல் வெட்டினார், லாரி ஓட்டினார், மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டார், சூடு வைத்தார். எந்தப் பண்ணைக்காரரின் மனைவியும் செய்கிற சாதாரண வேலைதானே என்று கீழ்நீதிமன்றம் சொன்னது. கனடாவின் உச்சநீதிமன்றமும் பங்கில்லை என்றது. ஒரே ஒரு நீதிபதி மறுத்தெழுதினார். நாடு முழுக்கப் பெண்கள் கொதித்த பிறகே, 1978இல் ஒன்டாரியோவின் குடும்பச் சட்டம் மாறியது. டம்மரின் அந்த மரவீட்டிலிருந்து கணக்குப் போட்டால் 140 ஆண்டுகள்.

உள்ளாட்சியின் கதையும் இதை ஒட்டியே போகிறது. 1850 முதல் டவுன்ஷிப்புகளுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்கள் வந்தன. சாலை, பாலம், வேலி, வரி எல்லாம் அவற்றின் பொறுப்பு. 1884இல் கொண்டுவந்த திருத்தத்தால் சொத்துள்ள விதவைகளும் மணமாகாத பெண்களும் உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம் என்றானது. மணமானவள் கூடாது, அவளுக்காகத்தான் கணவர் இருக்கிறாரே. ஓடிப்போன கணவர்களைச் சட்டம் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை.

வாக்கில்லாத காலத்திலேயே கிராமப் பெண்கள் தங்களுக்கென்று ஒரு மன்றம் அமைத்துக்கொண்டார்கள். 1897இல் ஒன்டாரியோவின் ஸ்டோனி கிரீக்கில் தொடங்கிய மகளிர் நிலையங்கள் உலகம் முழுக்கப் பரவின. இவர்கள் செய்த ஒரு வேலைக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். 1947 முதல் கிளைதோறும் ஊர்வரலாற்றுப் புத்தகம் தொகுக்கத் தொடங்கினார்கள். கனடாவின் ஆளுநராக இருந்தவரின் மனைவி ட்வீட்ஸ்முயர் சீமாட்டி சொன்ன யோசனை என்பதால் அவர் பெயரால் வழங்கும் தொகுப்புகள். பண்ணை கைமாறிய விவரம், பள்ளிக்கூடம், பாலாடைக்கட்டிக் கூடம், ஆலை, தேவாலயம், பத்திரிகை நறுக்கு, புகைப்படம். ஒன்டாரியோவில் எந்தக் கிராமத்தின் வரலாற்றை எழுதப் போனாலும் கடைசியில் இந்தப் பெண்கள் வெட்டி ஒட்டிய பக்கங்களிடம்தான் வந்து நிற்க வேண்டும். தொகுத்தவர்கள் மட்டும் திருமதி இன்னார் என்று கணவர் பெயரிலேயே கையெழுத்திட்டார்கள். ஊரின் அத்தனை பெயர்களையும் எழுதி வைத்தவர்களின் சொந்தப் பெயரைக் கல்லறையில் போய்த் தேட வேண்டியிருக்கிறது.

இவை எதிலும் இல்லாத பெண்கள் இருக்கிறார்கள். கேத்தரினும் சுசன்னாவும் மிசிசாகா பெண்களோடு பழகினார்கள். கூடைகளையும் மான்கறியையும் மாவுக்கும் பன்றிக்கறிக்கும் மாற்றிக்கொண்டார்கள். சுசன்னாவின் வீட்டிலிருந்த கனடா வரைபடத்தைப் பார்த்தவுடன் அந்த மக்கள் ஒவ்வொரு வளைகுடாவையும் ஆற்றையும் அடையாளம் கண்டு பெயர் சொன்னதாக ஒரு காட்சி வருகிறது. சுசன்னா வியக்கிறார். அந்தப் பெயர்களை எழுதிக்கொண்டிருக்கலாம். மனோமின் என்று அவர்கள் சொல்லும் காட்டரிசியைப் பெண்கள் படகிலிருந்து அறுவடை செய்வதை, ஒரு குச்சியால் தாளை வளைத்து இன்னொன்றால் கதிரைத் தட்டிப் படகுக்குள் உதிர்ப்பதை, கேத்தரின் அக்கறையோடு விவரித்தார். இந்த மக்கள் மறைந்துகொண்டிருக்கிறார்கள் என்று இருவருமே வருந்துகிறார்கள். தங்கள் வேலியைப் பற்றி அந்த வருத்தம் பேசுவதில்லை. மேரி பிரின்ஸின் சொற்களை எழுதிய கைக்கு இது ஏன் எட்டவில்லை என்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரே பதில்: அந்த அடிமைத்தனத்தில் அவருக்குச் சொந்தமாக ஒரு பண்ணை இல்லை.

அணைகள் வந்தன. படகுப் போக்குவரத்துக்காக ஏரிகளின் மட்டம் உயர்த்தப்பட்டு அரிசிப் படுகைகள் பல மூழ்கின. 1923இல் இன்னொரு ஒப்பந்தம், வேட்டைக்கும் மீன்பிடிக்கும் இருந்த உரிமைகளையும் எடுத்துக்கொண்டது. ஏழு பூர்வகுடிச் சமூகங்கள் பல பத்தாண்டுகள் வழக்காடி, 2018இல் 110 கோடி டாலர் இழப்பீடும், பறித்த உரிமைகளுக்கு அங்கீகாரமும், அரசுகளிடமிருந்து மன்னிப்பும் பெற்றன. அவற்றில் ஒன்று, டூரோவுக்கு அருகிலிருக்கும் கர்வ் லேக். அந்தப் பகுதியின் பிஜன் ஏரியில் காட்டரிசி மீண்டும் செழித்தபோது, படகு ஓட்ட இடைஞ்சல் என்று கோடைவீட்டுக்காரர்கள் சிலர் அதைப் பிடுங்கியெறியக் கிளம்பினார்கள். இது நடந்தது 2015இல்.

1840இல் பெல்வில்லுக்குக் கிளம்பியபோது ஜென்னி மூன்று தொப்பிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். பெட்டியில் வைத்தால் நசுங்கிவிடும் என்று. ஊரே சிரிக்கும் என்று சுசன்னா கழற்றவைத்தார். ஜென்னியின் கையால் எழுதிய ஒரு வரியும் நமக்கு வரவில்லை. மேரி பிரின்ஸ் பேசியதும் ஜென்னி பேசியதும் அந்த ஒரே பேனா வழியாகத்தான் வந்திருக்கின்றன. ஆனால் அந்தத் தொப்பிகளைக் கேலியாக எழுதியவருக்கும் அதன் கணக்குப் புரிந்திருக்கும். சம்பளம் கிடைக்காத ஒருத்தியின் சொத்து முழுவதும் அவள் தலைமேல் இருந்தது.

டூரோவின் கரையைத் தொடும் கட்சவனூக்கா ஏரியில் ஒரு சின்னத் தீவு உண்டு. இளவயதில் இறந்த பாலி கௌ என்ற மிசிசாகாப் பெண்ணை அங்கே புதைத்தார்கள். அந்தக் கல்லறைக்கு எதுவும் நேர்ந்துவிடக் கூடாது என்று முதுமையில் கேத்தரின் கவலைப்பட்டார். 1893இல், அவருடைய எழுத்துக்கு மரியாதையாக, அரசு தீவை அவருக்கே கொடுத்தது. பத்திரம் டிரெய்ல் பெயரில். தீவின் பெயர் பாலி கௌ.